நிறுத்துச் சொல்லு

1. பதினொன்று நாற்பது

செந்தில் அண்ணனுக்கு போன் வந்தபோது மணி பதினொன்று நாற்பது. அவர் எங்கள் கம்பெனி முதலாளி. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடைக்கு மேல் மாடி, ஆறு பேர், ஒரே ஒரு ஏசி. அதுவும் அண்ணன் பக்கம்தான் காற்று விடும்.

போனை எடுத்து "சொல்லுங்க சார்" என்றார். அப்புறம் மூன்று நிமிஷம் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே கேட்டார். நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

போனை வைத்துவிட்டு என்னிடம்தான் வந்தார்.

"சாணார்பட்டி பக்கத்து சென்டர்ல ஒண்ணாம் டேங்கு பால் மொத்தமும் போச்சு ரிஸ்வானா. காலைல எட்டே முக்காலுக்கே கூலர் ஆஃப் ஆயிருக்கு. ஆஃப் பண்ணது நம்ம ஏஐ ஏஜென்ட். ஆபரேட்டர் சொல்லித்தான் பண்ணுச்சுன்னு லாக் ரெக்கார்டுல இருக்காம். மூணு மணிக்குள்ள ரிப்போர்ட் எழுதிக் குடு."

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு தனியார் பால் கம்பெனி எங்கள் கஸ்டமர். சுற்றுப்பட்டு ஊர்ப் பால் எல்லாம் காலையிலும் சாயங்காலமும் அந்த சென்டருக்கு வரும். இரண்டு பெரிய டேங்க். கூலர் ஓடி நாலு டிகிரிக்குக் கொண்டுவரும். பதினொரு மணிவாக்கில் டேங்கர் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அன்றைக்கு லாரி டிரைவர் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் ஒண்ணாம் டேங்கில் இருபத்தாறு டிகிரி. கொஞ்சம் எடுத்துக் கொதிக்க வைத்திருக்கிறார்கள். திரிந்துவிட்டது. நாலு ஊர்ப் பால்.

பால் போய்விட்டது, அதை யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாது. மிச்சம் இருந்தது ஆபரேட்டர் ஜெயந்தி அக்காவின் வேலை. பால் இருக்கும்போது கூலரை அணைத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அது அந்தக் கம்பெனி விதி. "நான்தான் அணைக்கச் சொன்னேன்" என்று நாலு மணிக்கு அவரிடம் எழுதி வாங்கப்போகிறார்கள். அதற்கு ஆதாரமாக எங்கள் ரிப்போர்ட் வேண்டும். போனில் பால் கம்பெனி மேனேஜர் சொன்னது இதுதான்.

அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்கப்போவதில்லை. அப்பாடா, நம் தப்பு இல்லை என்றுதான் தோன்றியது.

2. ஒரே நாளில் நாற்பத்து மூன்று

நான் திண்டுக்கல் பேகம்பூர்ப் பெண். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். என் டைப்பிங் சத்தம் தாங்காமல் பக்கத்து சீட்டுக்காரன் ஹெட்போன் வாங்கினான், அந்த அளவுக்கு வேகம். அந்த வேகத்தில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. இன்றைக்கும் முழுசாகப் போய்விட்டதாகச் சொல்லமாட்டேன்.

முன்பெல்லாம் சென்டர் ஆபரேட்டர்கள் ஏதாவது வேண்டுமென்றால் டவுனில் இருக்கிற கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போடுவார்கள். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லுவார், பட்டனைத் தட்டுவார். இது நடந்ததற்கு முந்தின நாள் ராத்திரிதான் அந்த இடத்துக்கு நாங்கள் ஏஐ ஏஜென்ட் வைத்தோம். ஆபரேட்டர் போனில் பேசினால் போதும். பேச்சு எழுத்தாக மாறும், ஏஜென்ட் அதைப் படிக்கும், வேலையைச் செய்யும், பதில் எழுதி அனுப்பும்.

ஏஜென்டுக்குக் கை கிடையாது. கருவிகள்தான் அதன் கை. ஒவ்வொரு கருவியும் ஒரு குட்டி புரோகிராம். ஒன்று கூலரை அணைக்கும், ஒன்று டேங்கின் எடையை வாசிக்கும், ஒன்று லாரியைக் கூப்பிடும். எந்த நேரத்தில் எந்தக் கருவியை எடுப்பது என்று ஏஜென்டுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் நாம் எழுதிவைக்கிற விளக்கத்தைப் படித்துத்தான். கோடு, அதாவது புரோகிராமுக்குள் எழுதியிருக்கிற வரிகள், உள்ளே என்ன செய்கிறது என்று அது பார்ப்பதில்லை. பக்கத்து சீட்டில் எட்டிப்பார்த்து "ஏப்பா, இது எதுக்கு?" என்று கேட்பதும் இல்லை. பெயரும் நாலு வரி விளக்கமும்தான் அதற்குத் தெரிந்த உலகம்.

கருவிகளை எழுதியவர் பிரபு. பாலசமுத்திரத்துக்காரர். எனக்கு முன்னால் இருந்தவர், பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். எல்லாப் பெயரையும் தமிழில் நினைத்து இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்திருந்தார். vandi_anuppu. edai_podu. tank_niruthu. விளக்கம் எதற்கும் கிடையாது. மொத்தம் நாற்பத்து மூன்று.

விளக்கம் எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. ஒரு வாரம் எடுத்துக்கொள் என்றார் அண்ணன். ஒரு நாள் போதும் என்றேன். சென்டரில் யாரிடமாவது பேசினாயா என்று கேட்டார். "அவங்ககிட்ட என்னண்ணே கேக்குறது? பேரைப் பாத்தாலே தெரியுதே" என்றேன். சாயங்காலம் ஆறு மணிக்கு முடித்துவிட்டேன்.

எழுதிய லட்சணத்தையும் பாருங்கள்.

"tank_niruthu: டேங்கை நிறுத்தும். டேங்க் எண் தேவை."

"edai_podu: எடை போடும். டேங்க் எண் தேவை."

இதற்குப் பெயர் விளக்கமா? பெயரையே தமிழ் எழுத்தில் திருப்பி எழுதி முற்றுப்புள்ளி வைத்திருக்கிறேன். டேங்கை நிறுத்தும் என்றால் எதை? டேங்க் ஓடுகிறதா என்ன, நிற்க? உள்ளே இருக்கிற கோடு கம்ப்ரசரையும் பாலைக் கலக்குகிற மோட்டாரையும் அணைக்கிறது. லாரி பாலை ஏற்றிப் போனபிறகு காலி டேங்கைக் கழுவுவதற்காக வைத்த கருவி அது. வெந்நீர் விட்டுக் கழுவும்போது சூடு அலாரம் கத்தக்கூடாது என்று அலாரத்தையும் சேர்த்து அணைத்துவிடும். இதில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை.

டெஸ்ட் செய்தேன், செய்யாமல் இல்லை. "ஒன்றாம் டேங்கை நிறுத்து" என்று அடித்தேன், நிறுத்தியது. "எடை போடு" என்றேன், போட்டது. நான் எழுதிய வார்த்தையை நானே கேட்டு நானே பாஸ் போட்டுக்கொண்டேன். திரை முழுக்கப் பச்சை. அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார்.

3. எம்புட்டு

ஏஜென்டிடம் யார் என்ன கேட்டாலும் தானாகப் பதிவாகிற லாக்கைத் திறந்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்.

8:42. ஆபரேட்டர்: ஜெயந்தி. கட்டளை: ஒண்ணாம் டேங்க நிறுத்து சொல்லு.
8:42. கருவி: tank_niruthu, டேங்க் 1. முடிவு: ஓகே.
8:42. பதில்: ஒன்றாம் டேங்க் நிறுத்தப்பட்டது.
8:51. கட்டளை: நிறுத்தாச்சா எம்புட்டு.
8:51. பதில்: ஆம். ஒன்றாம் டேங்க் 8:42 முதல் நிறுத்தப்பட்டுள்ளது. மொத்தம் ஒன்பது நிமிடம்.

அதற்குமேல் ஒன்றும் இல்லை. இதைவிடத் தெளிவான லாக் கிடைக்குமா? நிறுத்தச் சொன்னார், நிறுத்தியது. கேஸ் முடிந்தது. பத்து நிமிஷத்தில் ரிப்போர்ட்டை அடித்தேன். கடைசி வரி: "ஆபரேட்டரின் கட்டளைப்படி மென்பொருள் சரியாகச் செயல்பட்டது." கீழே என் பெயர். அனுப்புகிற பட்டன் மேல் மவுஸ் நிற்கிறது.

அந்த "எம்புட்டு"தான் உறுத்தியது.

கூலரை அணைக்கச் சொன்ன ஆள் ஒன்பது நிமிஷம் கழித்து எதற்கு "எம்புட்டு" என்று கேட்க வேண்டும்? எம்புட்டு நேரம் என்று ஏஜென்ட் எடுத்துக்கொண்டு நிமிஷக் கணக்குச் சொல்லியிருக்கிறது. அணைத்து எவ்வளவு நேரமாச்சு என்று எந்த மனுஷி கேட்பாள்? அவர் கையில் வாட்ச் இல்லையா?

லாக்கில் இருந்தது எழுத்து. குரல் பதிவு வேறு ஃபோல்டரில் ஒரு வாரம் வரை இருக்கும். தேடி எடுத்துக் கேட்டேன். பின்னால் பால்கேன் உருளுகிற சத்தம். நடுவில் ஜெயந்தி அக்காவின் அவசரக் குரல்.

"ஒண்ணாம் டேங்க நிறுத்துச் சொல்லு."

மறுபடி கேட்டேன். நிறுத்துச் சொல்லு. நடுவில் ஒரு ச் இருக்கிறது. பேச்சை எழுத்தாக மாற்றுகிற சாஃப்ட்வேர் அதை முழுங்கிவிட்டது.

எங்கள் அத்தா, அதாவது அப்பா, சின்ன வெங்காய வியாபாரம் செய்கிறவர். "அந்த மூடைய நிறுத்துட்டியா, நிறுத்துச் சொல்லு" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை அவர் வாயில் வரும். நிறுத்து என்றால் தராசில் வைத்து எடை பார்த்து. ஜெயந்தி அக்கா கூலரைப் பற்றிப் பேசவே இல்லை. டேங்க் எவ்வளவு ரொம்பியிருக்கிறது, எடை பார்த்துச் சொல் என்று கேட்டிருக்கிறார். எவ்வளவு என்று பதில் வரவில்லை, அதனால்தான் ஒன்பது நிமிஷம் கழித்து நிறுத்தாச்சா, எம்புட்டு என்று திரும்பக் கேட்டிருக்கிறார். நிறுத்தப்பட்டது என்று ஏஜென்ட் எழுதியதை அவர் எடை பார்த்தாச்சு என்று படித்திருப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் படிப்பார்கள்.

பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள் நான். விளக்கம் எழுதும்போது ஒரு நொடி அது ஞாபகத்துக்கு வரவில்லை. பிரபு ஊர்ப் பக்கம் எடை போடு என்பார்கள், அவர் கருவிக்கு அந்தப் பெயர் வைத்தார். நான் அதைக் காப்பி அடித்தேன்.

அண்ணனைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். அவர் மூன்று தடவை கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரி. ஸ்பீச் டு டெக்ஸ்ட் தப்புன்னு எழுதிரு. ஒரு ச் விட்டுருச்சு. அது வெளியில வாங்குனது, நம்மளோடது இல்ல."

நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறப் பார்த்தேன். உறுதிசெய்துகொள்ளலாம் என்று டெஸ்ட் சர்வரில் "நிறுத்துச் சொல்லு" என்று ஒற்று போட்டுச் சரியாகவே அடித்தேன். ஏஜென்ட் நேராகப் போய் tank_niruthu கருவியைத்தான் எடுத்தது. பத்துத் தடவை அடித்தேன், பத்துத் தடவையும் அதேதான். எடுக்காமல் என்ன செய்யும்? நிறுத்து என்ற சொல் அந்த ஒரு விளக்கத்தில்தான் இருக்கிறது. எடை வாசிக்கிற கருவியை இந்த ஊரில் எப்படியெல்லாம் கேட்பார்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மற்ற ஒன்பது சென்டரும் இந்த மாசம் நமக்கு வரவேண்டியது, இதை எழுதிக் கொடுத்தால் அதோடு முடிந்தது என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆறு பேர் சம்பளத்தை நினைத்துப் பேசினார். மணி ஒன்றரை, இரண்டு, இரண்டே கால் ஆனது. ரிப்போர்ட் திரையிலேயே இருந்தது. அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. என் கை வேகம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

இரண்டு இருபதுக்கு மேனேஜர் தங்கவேல் சார் மறுபடி கூப்பிட்டார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, ரிப்போர்ட்ட சீக்கிரம் அனுப்பிவிடுங்க. அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடமாட்டேங்குது. போன் பொய் சொல்லுதுங்குது. உங்க பேப்பரக் காட்டினாத்தான் வாயடைக்குமுங்க."

நான் அடித்து வைத்திருக்கிற அந்தக் கடைசி வரியைத்தான் அந்த அக்கா முகத்துக்கு முன்னால் நீட்டப்போகிறார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் போன் பக்கம் குனிந்து, "சார், பேப்பர் அனுப்பல. நேர்ல வாரோம்" என்றேன்.

4. காலி டேங்க்

வண்டியில் போகும்போது அண்ணன் ஒன்றே ஒன்று சொன்னார். "இரு தரப்பும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு சொல்லு. அது போதும்."

சென்டர் வாசலிலேயே புளித்த வாடை அடித்தது. பால் ஊற்றினவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வெளியே நின்றார்கள். எங்கள் வண்டியைப் பார்த்ததும் விலகி வழி விட்டார்கள். உள்ளே பாலின் கொழுப்பு அளவு பார்க்கிற மேஜைமேல் டைப் அடித்த ஒரு தாள், அதன்மேல் மூடி கழற்றாத பேனா. ஒரு பக்கம் தங்கவேல் சார், ஒட்டன்சத்திரத்துக்காரர், சட்டை எல்லாம் வியர்வை. மறுபக்கம் ஜெயந்தி அக்கா. முப்பது வயசு இருக்கும், ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். டெய்ரி டிப்ளமா படித்தவர். காலையில் அந்த சென்டரைத் தனி ஆளாக ஓட்டுகிறவர்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க மேடம். உங்க மிஷினு நான்தேன் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லுதாம். நீங்களும் அதைச் சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் வந்தீகளா?"

"இல்லக்கா. நீங்க எடைதான் கேட்டீங்க."

மேனேஜர் நிமிர்ந்தார். நான் போனில் குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அவருக்கு அது நிறுத்து என்றுதான் கேட்டது.

"நிறுத்துன்னா நிறுத்தறதுதானுங்களே? எடைன்னா எடை போடுன்னுதானுங்க எங்க பக்கம் சொல்லுவோம்."

"உங்க பக்கம் சொல்வீக சார்" என்றார் ஜெயந்தி அக்கா. "நாலு வருஷமா இதே வார்த்தையத்தான் போன்ல சொல்றேன். கண்ட்ரோல் ரூம்ல முன்னாடி இருந்தவரு நிறுத்துதான் சொல்வாரு. ஒருநாளும் நிறுத்தினதில்ல."

அதைக் கேட்டு அண்ணனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. வெளியே நிற்பவர்களுக்குத் தான் ஒரு பதில் சொல்லியாகணும், ஒரு வார்த்தை இரண்டு அர்த்தம் என்று போய்ச் சொன்னால் சும்மா விடுவார்களா என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

ஒண்ணாம் டேங்க் கழுவிக் காலியாக இருந்தது. கூலரைப் போடலாம், ஜெயந்தி அக்கா காலையில் சொன்ன அதே வார்த்தையை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள் சார் என்றேன். அண்ணன் என் கையைத் தொட்டு வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜெயந்தி அக்கா உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டார். கம்ப்ரசர் உறுமியது. அன்றைக்கு மதியமே இரண்டாம் டேங்கை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டதால் கட்டடத்தில் அந்த ஒரு சத்தம்தான். மேனேஜர் ஜெயந்தி அக்காவின் போனை வாயருகே வைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணாம் டேங்க நிறுத்துச் சொல்லு."

இரண்டு நொடி ஆனது. சத்தம் நின்றது.

போன் திரையில் பதில் வந்தது: ஒன்றாம் டேங்க் நிறுத்தப்பட்டது. எவ்வளவு எடை என்பது இல்லை. மேனேஜர் திரையைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார். பிறகு அவர் பக்கத்துப் பேச்சில் "எடை போட்டுச் சொல்லு" என்றார். உடனே வந்துவிட்டது: ஒன்றாம் டேங்கில் பால் எடை பூஜ்யம் கிலோ.

"காலைல ரெண்டாம் டேங்கு கூலரு ஓடிக்கிட்டே இருந்துச்சு சார்" என்றார் ஜெயந்தி அக்கா. "சத்தம் நின்னிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் வாசல்ல கேன் எறக்கிக்கிட்டு இருந்தேன். மிஷினு எடைய சொல்லலேன்னதும் குச்சிய விட்டு அளந்துக்கிட்டேன். அம்புட்டுத்தேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இரு தரப்பும் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்ற வாக்கியம் தொண்டை வரை வந்தது. ஆனால் எந்த இரு தரப்பு? அந்த அக்கா தன் வேலையைத் தன் பாஷையில் சரியாகச் செய்தார். ஏஜென்ட் தனக்கு எழுதிக் கொடுத்ததைச் சரியாகப் படித்தது. மிச்சம் நிற்கிறது ஒரே ஆள்தான்.

"தப்பு என்னோடது சார். அந்தக் கருவி என்ன செய்யும், எப்பச் செய்யக்கூடாதுன்னு எழுதிவைக்க வேண்டியது என் வேலை. நான் எழுதல."

மேனேஜர் மேஜைமேல் இருந்த தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கிழிக்கவில்லை. வேறு ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார்.

"இப்பச் சொன்னத எழுதிக் குடுங்க. தமிழ்ல எழுதுங்க, வெளிய நிக்கறவங்களுக்கு நான் படிச்சுக் காட்டணுமுங்க."

ஜெயந்தி அக்கா பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பதினொரு வரி எழுத எனக்கு இருபது நிமிஷம் ஆனது. மேனேஜர் அதை வெளியே போய் வாசித்தார். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நின்றேன். ஒருவர் மட்டும், "படிச்ச பிள்ளையாப்பா நீயி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

5. யார் தப்பாகப் புரிந்துகொண்டது

திரும்பி வரும்போது அண்ணன் திட்டவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "நாப்பத்து மூணுல இன்னும் எத்தன இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"தெரியலண்ணே" என்றேன். அன்றைக்கு முழுவதும் நான் சொன்னதில் பயங்கரமான பதில் அதுதான்.

ஒன்பது சென்டர் தள்ளிப்போயின. முதலில் இந்த ஒன்றை ஒழுங்காக ஓட்டிக் காட்டுங்கள் என்றுவிட்டார்கள். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தினமும் காலையில் சென்டருக்கே போய் உட்கார ஆரம்பித்தேன். ஆபரேட்டர்கள் பேசின பழைய குரல் பதிவு கிடைத்த வரைக்கும் கேட்டேன். இன்னும் ஏழு கருவிகளில் கண்ணிவெடி இருந்தது. "பாலைத் திருப்பிப் பாரு" என்றால் இன்னொரு தடவை டெஸ்ட் செய் என்று அர்த்தம். என் விளக்கப்படி அது பாலை ஊற்றினவருக்கே திருப்பி அனுப்புகிற கருவி. நல்லவேளை, அதை யாரும் இன்னும் கேட்கவில்லை.

tank_niruthu என்ற பெயரையே தூக்கிவிட்டேன். இப்போது அதன் பெயர் cooler_off. விளக்கம் இப்படி இருக்கிறது:

"டேங்கின் குளிரூட்டும் கம்ப்ரசரையும் கலக்கும் மோட்டாரையும் சூடு அலாரத்தையும் அணைக்கும். லாரி பாலை ஏற்றிச் சென்றபின், காலி டேங்கைக் கழுவ மட்டும். டேங்கில் பால் இருந்தால் இதைப் பயன்படுத்தாதே. ஆபரேட்டரிடம் திருப்பிக் கேள். இந்த ஊரில் 'நிறுத்து', 'நிறுத்துச் சொல்லு', 'நிறுத்தாச்சா' என்றால் பெரும்பாலும் எடையைக் கேட்கிறார்கள். அதற்கு edai_podu கருவியை எடு. சந்தேகம் இருந்தால் 'எடையா, கூலரை அணைக்கவா?' என்று கேள்."

விளக்கத்தை மட்டும் நம்பியும் விடவில்லை. டேங்கில் பால் இருந்தால் கருவியே மறுத்துவிடும்படி கோடையும் மாற்றினோம். வெறும் ஓகே என்று பதில் தருவதையும் எடுத்துவிட்டோம். கூலர் அணைந்தது, டேங்கில் இவ்வளவு பால் இருக்கிறது, அலாரமும் அணைந்திருக்கிறது என்று நடந்ததை நடந்தபடி ஏஜென்டிடம் சொல்லும். அன்றைக்கு இந்த ஒரு பதில் இருந்திருந்தாலே ஜெயந்தி அக்கா ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டிருப்பார்.

ஒரு நாளில் முடித்த வேலைக்கு மூன்று வாரம் ஆனது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கருவியின் பெயரைப் பார்த்து விளக்கம் எழுதாதே. கோடைத் திறந்து அது எதைத் தொடுகிறது என்று பார். எப்போது எடுக்கக்கூடாது என்பதை முதலில் எழுது. பிறகு அதைத் தினமும் பேசப்போகிற ஆளிடம் போய் வாசித்துக் காட்டு, அவர் முகம் சுளித்தால் மறுபடி எழுது. ஏஜென்ட் முகம் சுளிக்காது. படித்ததைச் செய்துவிட்டு ஓகே என்று போய்விடும்.

ஜெயந்தி அக்கா வேலையில்தான் இருக்கிறார். ஆனால் என்னை மன்னித்துவிட்டதாக எல்லாம் கதை விடமாட்டேன். இரண்டு வாரம் மேடம் என்றே கூப்பிட்டார், அதில் ஒரு குத்தல் இருந்தது. ஒருநாள் கேன் கழுவி முடித்துவிட்டு வந்து கேட்டார்.

"அந்த லாக்ல இன்னும் அப்படியேதான் இருக்கா? ஜெயந்தி, நிறுத்துன்னு?"

இருக்கிறது என்றேன். நடந்ததை யாரும் அழிக்கக்கூடாது என்பதற்காகத்தான் லாக், அதை நானே நினைத்தாலும் மாற்ற முடியாது என்று விளக்கினேன்.

"நாளப்பின்ன புது மேனேஜர் வந்து அதை எடுத்துப் பாத்தா? உங்க கையெழுத்துத் தாளு அவருகிட்ட இருக்குமா?"

லாக்கை மாற்ற முடியாது, ஆனால் அதன் அடியில் ஒரு குறிப்பு சேர்க்க வழி செய்யலாம் என்றேன். அன்று மதியமே செய்தேன். குறிப்பை அடித்து அவரிடம் காட்டினேன்: "தவறான புரிதல் காரணமாக டேங்க் நிறுத்தப்பட்டது."

படித்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"யாரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டது? அது இதுல இல்லையே."

மறுபடி அடித்தேன். இந்தத் தடவை மெதுவாக. அவர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். முடிந்ததும், "ம். இப்பப் போடுங்க ரிஸ்வானா" என்று சொல்லிவிட்டு, சாயங்காலப் பால் வண்டி ஹாரன் அடிக்க, வாசலுக்குப் போனார். லாக்கைத் திறந்தால் எட்டு நாற்பத்திரண்டுக்குக் கீழே இப்போது இப்படி இருக்கும்:

"ஆபரேட்டர் ஜெயந்தி கேட்டது டேங்கின் எடை. ஏஜென்ட் அணைத்தது கூலரை. அந்தக் கருவிக்கு விளக்கம் எழுதியவர் ரிஸ்வானா. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை."